விடியலிலும் அந்தியிலும்

கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நானும் குடித்ததில்லை. காலை ஏழரைக்குப் போனால் மாலை அறைக்குத் திரும்பும்வரை அரை பாட்டிலில் ஓட்டிவிடுவேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த ஆண்டு, கொள்ளிடத்தின் ஒரு பகுதியில் கரை சீரமைக்கும் வேலையில் தளப் பொறியாளராகச் சேர்ந்தேன். அரித்துப்போன கரையைச் சரிவாக வெட்டி, மண்ணை இறுக்கி, கருங்கல் பிச்சிங் செய்ய வேண்டும். வரைபடம், லெவல் கருவி, பொக்லைன் எல்லாம் இருந்தன. கழிப்பறை இல்லை.

முதல் வாரத்தில் என் முகத்தைப் பார்த்தே ஒரு அக்கா புரிந்துகொண்டார். கல் சுமக்கும் சித்தாள்களில் ஒருவர். பக்கத்துக் கிராமம்தான். “எம்புட்டு நேரம் அடக்கிக்கிட்டு நிப்பீங்க மேடம், வாங்க” என்று படுகைக்குள் கூட்டிப்போனார். நாணல் புதருக்குப் பின்னால் ஒரு பெரிய மருத மரம். பாதி வேர் மண்ணுக்குள்ளும் பாதி ஆற்றைப் பார்த்தும் இருந்தது. அந்த ஊர்ப் பெண்கள் தலைமுறையாக ஒதுங்கும் இடம் அது.

திரும்பும்போது ஒரு மணல் திட்டைக் காட்டினார். மீன் செதிலும் முள்ளுமாகக் கறுத்த எச்சம். பக்கத்தில் விரலிடைத் தோல் பதிந்த காலடிகள். “நீர்நாய். குடும்பமா இருக்கு. வேருக்கு அடியில வளை. குட்டி போட்டிருக்குன்னு நெனைக்கிறேன், ராத்திரி கீச்சு கீச்சுனு கேக்குது. இந்தப் பக்கம் மிஷின விடாதீங்க.”

சங்கப் பாடல்களில் வாளை மீன் தின்னும் விலங்காகப் பள்ளியில் படித்ததோடு சரி. அன்றிரவுதான் கைப்பேசியில் தேடிப் படித்தேன். ஆற்று நீர்நாய் உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள இனம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. குட்டி கண் திறக்காமல் பிறக்கும். கண் திறக்கவும் நீந்தப் பழகவும் நாளாகும். அதுவரை வளைதான் அதற்கு எல்லாம்.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “யார் பார்த்தது? எப்போ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விடியலுக்கு முன்னால், வெளிக்குப் போன பெண்கள் பார்த்தார்கள் என்பதுதான் பதில். பத்து ஆண்கள் நின்ற இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி நான் எங்கே ஒதுங்குகிறேன் என்பதாக இருக்கும். “ஊர்ல சொல்றாங்க சார்” என்றேன். “ஊர்ல பேய் இருக்குன்னும் சொல்வாங்க” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் பொக்லைன் அந்த மருத மரத்தடிக்கு வந்தது. லெவல் எடுத்துக் கொடுத்தது நான். வேரோடு கரை சரிந்தது. அன்று அந்தியில், ஒரு பெரிய நீர்நாய் வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு எதிர்க்கரைக்கு நீந்தியதை அக்கா பார்த்தார். திரும்பி வந்து, சரிந்த மண்ணைச் சுற்றிச் சுற்றி வந்ததையும் பார்த்தார். உள்ளே எத்தனை குட்டிகள் இருந்தன என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா என்னைத் திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் தனியாகப் போய் ஒதுங்கினேன்.

இத்தனை வருடம் கழித்து யோசிக்கும்போது ஒன்று புரிகிறது. அந்தப் படுகையில் நீர்நாய் அதிகம் வெளியே வருவது விடியலிலும் அந்தியிலும். கழிப்பறை இல்லாத பெண்கள் வெளியே போவதும் அதே வேளைகளில்தான். இரண்டு பேரும் ஒளிவது மனிதர் கண்ணுக்கு, அதிலும் ஆண்கள் கண்ணுக்கு. பத்து மணிக்கு ஜீப்பில் வந்து கரையைப் பார்ப்பவருக்கு அங்கே புதரைத் தவிர எதுவும் தெரியாது. தெரிந்தவர்களுக்கு, எப்படித் தெரியும் என்று சொல்ல வெட்கம். எங்கள் கோப்பில் “குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதுமில்லை” என்ற வரி அப்படித்தான் வந்தது. அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

அடுத்த நீளத்தில் வேலை தொடங்குமுன் நானே அக்காவைத் தேடிப்போனேன். “இங்க எங்கெங்க இருக்குக்கா?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நடந்தார். மூன்று பெண்கள் கூட வந்தார்கள். எச்சம் கிடந்த திட்டுகள், இரண்டு வளைகள், ஒன்று பழசு, ஒன்றில் ஈரக் காலடி. ஒவ்வொன்றையும் படம் எடுத்து வரைபடத்தில் குறித்தேன். கூட்டத்தில் அதே கேள்வி வந்தது. “விடியக்காலையில வெளிக்குப் போற பெண்கள் பார்த்தாங்க சார். நானும் அங்கதான் போறேன். தளத்துல கழிப்பறை இல்ல” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. படங்களும் தேதியும் மேசை மேல் இருந்தன. சட்டத்தின் பெயரைச் சொன்னதும் மேலாளர் பேனாவை எடுத்தார்.

செய்தது பெரிய காரியம் இல்லை. ஈரக் காலடி இருந்த வளையைச் சுற்றி ஐம்பது மீட்டரை விட்டுவிட்டு, மற்ற இடத்தை முதலில் முடித்தோம். ஒரே பக்கத்திலிருந்து மெதுவாக வேலையை நகர்த்தினோம், விலங்கு விலகிப் போக எதிர்ப்பக்கம் திறந்திருக்கும்படி. வெயில் ஏறிய பிறகே இயந்திரம் ஓடும், ஐந்து மணிக்கு நிற்கும். குட்டிகள் தாயோடு நீந்துவதை அக்கா பார்த்துச் சொல்லி, தொடர்ந்து பல நாள் புதுக் காலடி இல்லை என்று உறுதியான பிறகே அந்த ஐம்பது மீட்டரைத் தொட்டோம். அங்கேயும் மர வேர்களை வெட்டாமல், கல்லிடுக்கில் சிமென்ட் பூசாமல், நாணல் பதியம் வைத்தோம். வேர் மண்ணைப் பிடிக்கும் என்று எந்தப் பொறியாளருக்கும் தெரியும். வரைபடம் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஒன்றில் தோற்றேன். அக்கா தினமும் விடியலில் பார்த்து வந்து சொன்னதற்குக் கண்காணிப்பாளர் கூலி கேட்டேன். “அவங்க எப்படியும் அங்க போறவங்கதானே” என்றார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் கடைசிவரை சித்தாள்தான். அவர் பெயரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டேன். எங்கே ஒதுங்கினேன் என்று ஊரே படிக்கவா என்று சிரித்தார்.

மார்ச்சில் தளத்துக்குத் தகரக் கழிப்பறை ஒன்று வந்தது. அன்று மதியம் நாங்கள் இருவரும் ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தோம். “இனிமே படுகைக்கு யாரு போவா? அதுங்களை யாரு பாப்பா?” என்றார் அக்கா. பார்ப்பதற்குக் கூலி கொடுத்தால் ஆள் வரும் என்றேன். “அதை அந்த நோட்டுல எழுது பாப்பா” என்றார். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுதினேன். அதற்கு அடுத்த மூன்று தளங்களிலும், தொடக்க நாளிலேயே, கழிப்பறைக்குக் கீழே அடுத்த வரியாக எழுதியிருக்கிறேன். ஒரு இடத்தில் கொடுத்தார்கள்.