பெற்ற பிள்ளையும் பிறர் பிள்ளையும்

1960இல் பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’வை அண்மையில் மீண்டும் கண்டோம். அநாதை இல்லத்துச் சிறுவன் கமல்ஹாசனைத் தாம் பெற்ற மகனென அறியாமலே ஆசிரியை சாவித்திரி அணைத்துக்கொள்கிறார். ஐந்து வயதுப் பாலகனின் ஏக்கத்துக்கு அவருடைய விழிகளே மறுமொழி கூறுகின்றன. இருவரும் நடிக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டோம்.

எம் நெஞ்சு உறுத்தியது. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எமது பாடசாலையில், விடியுமுன் தந்தையோடு கரைவலை இழுத்துவிட்டு வந்து வகுப்பில் உறங்கிய மாணவனொருவனை அன்று காலைதான் வெளியே நிறுத்தியிருந்தோம். காரணம் கேட்கவில்லை, அடுத்த வாங்கிலிருந்த பையன் பின்னர் சொல்லவே அறிந்தோம்.

மகனென்று தெரிந்தபின் அன்பு பொழிதல் எவர்க்கும் எளிது. தெரியாதபோதும் சுரக்கும் அன்பையே சமுதாயம் ஆசிரியரிடம் வேண்டி நிற்கிறது.

மறுநாள் அம்மாணவனை அருகழைத்து, “சாப்பிட்டாயா, தம்பி?” என்று கேட்டோம். பாடத்தை அதன் பின்னரே தொடங்கினோம்.