கால் கண்ட மலை

டி. கல்லுப்பட்டிப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடமும் ஒரு தாளைக் கொடுத்து, இயற்கைக் காட்சி வரையச் சொல்லுங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவே பாதிச் சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் தென்னை, ஒரு குடிசை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நாங்களும் அதையேதான் வரைந்தோம். வெளியே இருந்ததோ கரிசக்காடு, பனை, வேலிக்கருவை, தேவன்குறிச்சி மலை. அது தாளில் இறங்கவே இல்லை. ஓவியம் என்றால் முக்கோணம்தான் என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது.

அந்த மலையை எங்களுக்குத் தெரியாமல் இல்லை. எந்தப் பாறை வழுக்கும், எந்தப் பாறை மத்தியானத்தில் காலைப் பொசுக்கும், ஓணான் எந்த இடுக்கில் ஒளியும் என்பதெல்லாம் அத்துப்படி. அடிவாரத்துக் காட்டில் மழை பெய்து ஓய்ந்ததும் மண்ணிலிருந்து பானை ஓடுகள் தலைகாட்டும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பொறுக்கிவந்து பாண்டி விளையாட்டுக்குச் சில்லாக்குவோம். அதே ஓட்டால் தரையில் கட்டமும் கிழிப்போம். தொல்லியல் துறை 1976இல் கல்லுப்பட்டியில் அகழாய்வு செய்தது என்பதும், அப்படிப்பட்ட ஓடுகள் ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டவையாக இருக்கலாம் என்பதும் வளர்ந்த பிறகே தெரிந்தது. யோசித்தால், நான் இழுத்த முதல் கோடு அந்த ஓட்டால் இழுத்ததுதான்.

மனோகர் தேவதாஸின் பேனா ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைவு வரும். 1936இல் பிறந்த மதுரைக்காரர். பிழைப்புக்குச் சென்னையில் வேதியியல் வேலை. வரைந்தது பெரும்பாலும் மதுரையை. வயல்வெளிக்கு அப்பால் படுத்திருக்கும் யானைமலை, வைகை, கோயில் வீதிகள். 1997இல் வந்த அவருடைய 'கிரீன் வெல் இயர்ஸ்' நாவல், சேக்காளிகளோடு கிணற்றில் குதித்துத் திரிந்த பால்ய காலத்திலிருந்து பிறந்தது. படங்களும் அவர் போட்டவையே.

நடுவயதிலிருந்தே விழித்திரை நோய் அவர் பார்வையைத் தின்னத் தொடங்கியது. இந்த நோயில் முதலில் இருட்டில் கண் தெரியாது. அப்புறம் ஓரங்கள் மறையும். கடைசியில் குழாய் வழியே பார்ப்பதுபோல ஒரு சிறு வட்டம்தான் மிஞ்சும். அந்த வட்டத்துக்குள் ஒரே சமயத்தில் முழு மலை தெரியாது. ஒரு பாறையின் விளிம்பு தெரிந்தால் பெரிது. மற்றதெல்லாம் மனதில் இருந்தாக வேண்டும். அப்படியும் மயிரிழைக் கோடுகளை அடுக்கி அடுக்கி நிழலும் வெளிச்சமும் கொண்டுவந்தார். 2020இல் பத்மஸ்ரீ. 2022 டிசம்பரில் மறைந்தார்.

அந்த முழு மலை அவர் மனதில் எப்போது ஏறியிருக்கும்? படம் வரையப் போய் உட்கார்ந்தபோது மட்டும் இருக்காது என்பது என் எண்ணம். கிணற்றில் முங்கி அடிமண்ணை அள்ளிவந்து காட்டிய பையனுக்கு, படிக்கல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, பாசி எந்தக் கல்லோடு நிற்கிறது என்பது உடம்புக்கே தெரியும். இயற்கையின் அழகை ரசிக்க எந்தச் சிறுவனும் மலை ஏறுவதில்லை. விளையாட ஏறுகிறான், விழுகிறான், முட்டியைத் தேய்த்துக்கொள்கிறான். அந்தத் தேய்மானத்தில் பதிந்ததைத்தான் பிற்காலத்தில் பேனா எடுத்துக்கொள்கிறது.

அவருடைய படங்களில் பழைய மதுரையின் ஏக்கம் தெரிகிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஏக்கம் எதையும் கொஞ்சம் மங்கலாக்கிவிடும். வேண்டாததை அழித்து, வேண்டியதற்குப் பொன்முலாம் பூசும். இவருடைய கோடுகளில் அந்த மங்கல் இல்லை. சுவரில் காரை பெயர்ந்த இடத்தைக்கூட விடாத கணக்குச் சுத்தம்தான் இருக்கிறது. பால்யம் ஓர் ஓவியனுக்குக் கொடுக்கும் சொத்து அந்தக் கணக்குத்தான். ஏக்கம் எல்லோருக்கும் உண்டு.