வாழப்பாடியில் கற்ற பாடம்

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் வழியில் இருக்கிறது வாழப்பாடி. பாக்குக்குப் பேர்போன ஊர். பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்; கூடவே எங்கள் 3 மாத நாய்க்குட்டி மணியும்.

பாக்குக் காயும் களத்தில் மணிக்கு ஒரே ஓட்டம்! களத்தைத் தாண்டினால் லாரிகள் பறக்கும் சாலை. கத்திக் கூப்பிட்டேன். வந்ததும், கோபத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். அடுத்த முறை கூப்பிட்டபோது, என்னைப் பார்த்ததுமே சாலைப் பக்கம் ஓடியது. எனக்கு உயிரே போய்விட்டது!

பெரியம்மா துரத்தவில்லை. கீழே குந்தி, "மணி, வா!" என்று கொஞ்சினாள். திரும்பி ஓடிவந்து மடியில் விழுந்தது.

"வந்ததுக்கு அடிச்சா, அப்புறம் எப்படி கண்ணு வரும்?" என்றாள்.

அவள் சொன்ன முறை இதுதான். பசி நேரத்தில், வீட்டுக்குள், நாலடி தூரத்தில் நின்று ஒரே தடவை கூப்பிடணும். வந்தால் ஒரு விள்ளல் இட்லி, ஒரு தடவல். பழகியபின், நீளக் கயிறு கட்டி வாசலில். வராவிட்டால் துரத்தாமல், நாம் எதிர்ப்பக்கம் ஓடினால் அது பின்னாலேயே வரும். குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் மட்டும் கூப்பிடவே கூடாது. நாமே போய்த் தூக்கிக்கொள்ளணும்.

ஊர் திரும்பி, தினம் ஐந்து நிமிஷம் பழக்கினேன். இப்போது கூப்பிட்ட குரலுக்கு மணி ஓடி வருகிறது. அடிக்க ஓங்கிய என் கைதான் முதலில் திருந்தியது, சகோதரிகளே!