'வாழ்க'வும் சப்ஜங்டிவும்

ஃப்ரெஞ்ச் கத்துக்கறவங்க எல்லாரும் போய் முட்டிக்கற சுவர் ஒண்ணு இருக்கு. பேரு சப்ஜங்டிவ். உள்ளதை உள்ளபடி சொன்னா இண்டிகேட்டிவ். ஆசைப்பட்டா, பயந்தா, சந்தேகப்பட்டா சப்ஜங்டிவ். வினையோட வடிவமே மாறிடும். எந்தச் சொல்லுக்குப் பின்னாடி எது வரும்னு நீளமா ஒரு பட்டியலைக் குடுத்து, மனப்பாடம் பண்ணுங்கம்பாங்க. பொட்டி தட்டற நமக்கு அது ஒரு லுக்கப் டேபிளாத்தான் தெரியும். ஆனா விஷயம் பட்டியல்ல இல்லை, நம்ம காதுலயே இருக்கு.

பள்ளிக்கூடத்துல படிச்ச வியங்கோள் வினைமுற்று ஞாபகம் இருக்கா? க, இய, இயர்னு நன்னூல் விகுதி சொல்லும். 'வாழ்கிறது'ன்னா தகவல், 'வாழ்க'ன்னா விருப்பம். 'வீவ் லா ஃப்ரான்ஸ்'னு கோஷம் போடறாங்களே, அந்த 'வீவ்' நம்ம 'வாழ்க'வேதான். 'விவ்ர்'ங்கற வினையோட சப்ஜங்டிவ் அது. இண்டிகேட்டிவ்ல வெறும் 'வி'.

இப்ப எங்க ஊரு சித்தேரிக்கு வாங்க. அரூர் பக்கம், கிழக்குத் தொடர்ச்சி மலை மேல இருக்கு. "இங்க தங்கற டாக்டரைத் தேடறோம்"னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. இதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. இங்கயே இருக்கற டாக்டர் எங்கயோ வெளிய போயிருக்கார்ங்கறது ஒண்ணு. அப்படி ஒருத்தர் இன்னும் கிடைக்கலைங்கறது இன்னொண்ணு. ஃப்ரெஞ்சுல முதல்ல சொன்னது 'கி வி இசி', ரெண்டாவது 'கி வீவ் இசி'. ஒரே ஒரு 'வ்'தான் வித்தியாசம். மலை ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலி எடுத்தா, அந்த 'வ்' ஒரு உயிர். பதிவேட்டுல பேர் இருந்தா அதிகாரிக்கு அது இண்டிகேட்டிவ். கட்டில்ல துடிக்கறவளுக்கு சப்ஜங்டிவ்.

தமிழ்ல இதைப் பிரிக்க வழி இல்லையான்னா, இருக்கு. "இங்கயே தங்கற மாதிரி ஒரு டாக்டர் வேணும்"னு சொல்றோமே, அந்த 'மாதிரி'தான் நம்ம சப்ஜங்டிவ். மனு எழுதறவங்க கவனிச்சுக்குங்க.

இன்னொண்ணு. "மழை வர்றதுக்கு முன்னாடி வீடு வந்துட்டேன்"னு சொல்றோம். நேத்தே பெஞ்சு முடிஞ்ச மழைன்னாலும் 'வந்ததுக்கு முன்னாடி'ன்னு வராது. ஆனா 'மழை வந்த பிறகு'தான். ஃப்ரெஞ்சும் அப்படியே. 'முன்னாடி'க்கு சப்ஜங்டிவ், 'பிறகு'க்கு இண்டிகேட்டிவ். பேச்சுல பல ஃப்ரெஞ்சுக்காரங்களே 'பிறகு'க்கும் சப்ஜங்டிவ் போட்டுடுவாங்க, இலக்கணக்காரங்க திட்டுவாங்க :-)

'வருவார்னு நம்பறேன்'னா இண்டிகேட்டிவ். 'வரணும்னு ஆசைப்படறேன்'னா சப்ஜங்டிவ். இதுவரைக்கும் தமிழ் காது கை குடுக்கும். 'நீ வந்தது சந்தோஷம்'ங்கற இடத்துலதான் கொஞ்சம் தடுமாறும். வந்தது நடந்த விஷயம், ஆனாலும் அங்க சப்ஜங்டிவ்தான். ஏன்னா, அவன் வந்த சேதியை நாம சொல்ல வரலை. அதைப் பத்தின நம்ம மனசைச் சொல்றோம்.

அதனால பட்டியலைப் புரட்டறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒரு தடவை சொல்லிப் பாருங்க. சொல்றது தகவலா, மனசா? பாதிக் குழப்பம் அங்கயே தீர்ந்துடும். மீதிப் பாதிக்குப் புதுச்சேரி நண்பர்கள் யாராவது கை குடுங்கப்பா.