கொடிச் சிங்கமும் பெயிண்டர் மாமா விட்ட இடமும்

 

கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்குங்க. கோயில் வாசல்ல கட்டியிருக்கிற சிங்கப் பேனரைப் பார்த்துட்டு நிறைய பேர் "அண்ணே, இதை எங்க ஆர்டர் கொடுத்தீங்க"ன்னு கேட்டீங்க. எங்கேயும் கொடுக்கல. அது நம்ம பெயிண்டர் மாமாவோட சிங்கம்.

மாமாவைத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்றேன். தோட்டத்துல பால் மரம் வெட்டினவரு. சாயங்காலம் போர்டு எழுதுவாரு. ஆடித் திருவிழாவுக்கு மஞ்சள் துணியில அம்மனோட சிங்கத்தை வரைஞ்சு கொடி தயார் பண்றது அவர் வேலைதான். ஒரே சிங்கம், வருஷா வருஷம். தடிச்ச அட்டையில கோடு கோடா வெட்டி ஒரு அச்சு வச்சிருந்தாரு. துணி மேல அச்சை வச்சு பெயிண்ட்டை ஒத்தி எடுப்பாரு. அவர் போன பிறகு கடையில அடிச்ச கொடிதான். அது ரெண்டே மழையில வெளுத்துப் போயிடும்.

இந்த வருஷம் ஸ்டோர் ரூமைக் கூட்டும்போது அலமாரிக்குப் பின்னால அந்த அச்சு கிடைச்சுது. நாலா மடிச்சு வச்சிருந்ததால மடிப்புல எல்லாம் முறிஞ்சு போயிருந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்னுடுச்சு. யாரோ நல்ல மனசுல எங்க பார்த்தாலும் டேப் ஒட்டி வச்சிருக்காங்க. நிர்வாகத்துல சில பேர், "இண்டர்நெட்ல எத்தனையோ சிங்கம் கிடக்கு, ஒண்ணை எடுத்துப் போட்டுடலாம்"னு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. நான் பண்றேன்னு சொல்லிட்டேன்.

நான் படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான். வேலை இடத்துல மோல்டிங் மெஷின் பக்கம் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர்ல ரிப்போர்ட் டைப் பண்ணுவேன், அவ்வளவுதான். என் மகன்தான் இங்க்ஸ்கேப்னு ஒரு சாஃப்ட்வேரை லேப்டாப்ல போட்டுக் கொடுத்தான். காசு கிடையாது. 2003-லேர்ந்து இருக்காம். உலகம் பூரா உள்ளவங்க பெரும்பாலும் சம்பளம் இல்லாம தொண்டா செஞ்சு வளர்த்ததாம். நம்ம ஆளுங்கதான்னு நினைச்சுக்கிட்டேன்.

அச்சுக்கு அடியில கறுப்புத் துணியை விரிச்சு போன்ல படம் எடுத்தேன். வெட்டின கோடெல்லாம் கறுப்பா வந்துடுச்சு. சாஃப்ட்வேர்ல "டிரேஸ் பிட்மேப்"னு ஒண்ணு இருக்கு, போட்டோவைப் பார்த்து அதுவே கோடு வரையும். முதல் தடவை வந்ததைப் பார்த்து எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு கோட்டுக்கு ரெண்டு கரை வரைஞ்சு வச்சிருக்கு, ஆத்துக்கு ரெண்டு கரை மாதிரி. அப்புறம்தான் "சென்டர்லைன்"னு வேற ஒரு முறை இருக்கிறது தெரிஞ்சுது. அது கோட்டுக்கு நடுவுல ஒத்தைக் கோடா ஓடும். ஆனா விட்டு விட்டு ஓடுச்சு. டேப் இருந்த இடமெல்லாம் இடைவெளி.

இடைவெளி இருந்தா என்னன்னு கேப்பீங்க. பேனருக்கு வண்ணம் நிரப்பணும் இல்லையா. பக்கெட்டை எடுத்து சிங்கத்தோட வயித்துல மஞ்சளைக் கொட்டினா, எல்லை இல்ல, நிரப்ப முடியாதுன்னு கீழே ஒரு வரி வருது. அடைப்பு இல்லாத பாத்திரத்துல தண்ணி நிக்குமா? எங்க அம்மா கம்பிக் கோலம் போடும்போது கோடு சேராம விட்டா கையிலேயே ஒண்ணு வைப்பாங்க, அந்த ஞாபகம் வந்துடுச்சு.

பக்கெட்லேயே இடைவெளியை அடைக்கிற வசதி இருக்கு. சின்னது, நடுத்தரம், பெரியதுன்னு. சோம்பேறித்தனத்துல பெரியதைப் போட்டேன். வண்ணம் நின்னுச்சு, ஆனா சின்னச் சின்ன சந்துகளையும் சேர்த்து அடைச்சுடுச்சு. சிங்கத்துக்கு நகம் எல்லாம் ஒட்டி வாத்து கால் மாதிரி ஆயிடுச்சு. சரி, கையாலதான் செய்யணும்னு உட்கார்ந்தேன்.

செய்ற விதம் இதுதான், யாருக்காவது உதவும். உடைஞ்ச ரெண்டு கோட்டையும் தேர்ந்தெடுத்து முதல்ல "கம்பைன்" பண்ணணும், அப்பதான் ரெண்டும் ஒரே பாதைன்னு அதுக்குப் புரியும். அப்புறம் நோட் கருவியை எடுத்து ரெண்டு நுனிப் புள்ளியையும் பிடிச்சு சேர்க்கணும். சேர்க்கிறதுல ரெண்டு வகை. ஒண்ணு, ரெண்டு புள்ளியையும் இழுத்து ஒரே புள்ளியா ஆக்கும். சின்ன இடைவெளிக்கு நல்லது, பெருசா இருந்தா கோடு கோணிப் போயிடும். இன்னொண்ணு, புள்ளிங்களை அதுஅது இடத்துல விட்டுட்டு நடுவுல ஒரு புதுத் துண்டைப் போடும். அந்தத் துண்டைப் பிடிச்சு மெதுவா வளைச்சா பிடரி மயிரோட ஓட்டம் கெடாது. நான் ரெண்டாவதைத்தான் அதிகமா செஞ்சேன்.

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, பசியாறிட்டு, தூங்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம். மூணு வாரம் ஆச்சு. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 118 இடைவெளி. 118-ஐயும் மூடினேன். வண்ணம் நிரப்பினேன். நீங்க பார்த்த பேனர் அதுதான். தலைவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இதையே அச்சா வெட்டிக் கொடுப்பா, கொடியையும் பழைய மாதிரி கையாலேயே அடிச்சுடலாம்"னு சொன்னாரு. பெருமைதான், பொய் சொல்ல மாட்டேன். அதே படத்தை பிளாஸ்டிக் ஷீட்ல வெட்டச் சொல்லி ஸ்டிக்கர் கடையில கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிர்வாகம், இளைஞர் பகுதி, மகளிர் எல்லாரும் மண்டபத்துல இருக்காங்க. நான் ஷீட்டைத் தூக்குறேன். முகம் தனியா கழண்டு விழுது, வயிறு தனியா விழுது, கால், வால்... மேசை மேல குவியலாக் கிடக்கு. என் கையில பெரிய ஓட்டை போட்ட ஷீட் மட்டும்தான். ஒரு பையன் சிரிச்சுட்டான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. மெஷின்ல தினமும் ரிஜெக்ட்டைப் பிடிக்கிறவன், என் சொந்த ரிஜெக்ட்டைப் பிடிக்கத் தெரியல.

மாமாவோட சம்சாரம், நம்ம அத்தை, பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. வயசு எண்பதுக்கு மேல. எழுந்து வந்து துண்டு ஒண்ணை எடுத்துப் பார்த்தாங்க.

"ஏன் தம்பி, எல்லாத்தையும் மூடிட்டியா?"

"ஆமா அத்தை, கிழிஞ்சு கிடந்துச்சு."

"கிழிஞ்சது இல்லப்பா. அவரு விட்டது. விடலன்னா உள்ளே இருக்கிறது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. அச்சுன்னா உள்துண்டு விழாம இருக்க பாலம் வேணும். நாங்க டேப்புன்னு நினைச்சதுல பாதி, அட்டையிலேயே விட்ட பாலம். பெயிண்ட் ஒத்தி எடுத்த பிறகு, சின்ன பிரஷ்ஷால அந்த இடங்களை மாமா கையால மூடுவாராம். அத்தைதான் பக்கத்துல பெயிண்ட் டின்னைப் பிடிப்பாங்களாம். இன்னொண்ணும் சொன்னாங்க: வளைவுல விட மாட்டாரு, கோடு நேரா ஓடுற இடத்துலதான் விடுவாரு. ஒரு துண்டுக்கு ரெண்டு மூணு பாலம் இருக்கணும், இல்லன்னா பிரஷ் படும்போது துண்டு தூக்கிக்கும்.

வீட்டுக்கு வந்து பழைய போட்டோவைத் திறந்தேன். இப்பப் பார்த்தா பளிச்சுன்னு தெரியுது. மாமா விட்டதெல்லாம் ஒரே அகலம், ஒரு பென்சில் பருமன், ஓரம் நேரா இருக்கு. டேப் கோணல் மாணலா இருக்கு. மூணு வாரம் அதே படத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்திருக்கேன், கண்ணுல படவே இல்ல. பிரிச்சு எண்ணினேன்: 47 டேப், 71 மாமாவோடது. அந்த 71-ஐயும் திரும்ப வெட்டித் திறந்தேன். இப்ப ரெண்டு படம் வச்சிருக்கேன், பேனருக்கு மூடினது, அச்சுக்குத் திறந்தது. மறுபடி வெட்டின ஷீட் ஒரே துண்டா நிக்குது. ரெண்டு பெண்டிரைவ்ல போட்டு ஒண்ணை கோயில் ஆபீஸ்ல கொடுத்துட்டேன். வேற அம்மன் கோயில்காரங்க கேட்டாலும் தரலாம்னு அத்தை சம்மதம் சொல்லிட்டாங்க.

நேத்து ராத்திரி கொடித்துணியில அச்சு அடிச்சாச்சு. பாலங்களை இளைஞர் பிள்ளைங்க பிரஷ்ஷால மூடிட்டாங்க. அன்னைக்குச் சிரிச்ச பையன்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்து செஞ்சான். கண்ணுல மட்டும் ஒரு இடைவெளி அப்படியே இருக்கு. மாமா அதைக் கொடியேத்துற அன்னைக்குக் காலையிலதான், தலைக்குக் குளிச்சுட்டு, பச்சைத் தண்ணிகூட குடிக்காம மூடுவாராம். இந்தத் தடவை அத்தை மூடட்டும்னு எல்லாரும் முடிவு பண்ணியிருக்கோம். கை நடுங்குதே, கெடுத்துடுவேனேன்னு அழுதாங்க. தலைவர் கேக்கல.

கொடியேற்றம் வெள்ளிக்கிழமை. காலை 6 மணிக்குள்ள அத்தை கோயில்ல இருக்கணும். என் கார்ல பூவும் சாமானும் ஏத்துறதால இடம் இல்ல. தாமான் பக்கம் இருக்கிறவங்க யாராவது அவங்களைக் கூட்டிட்டு வர முடியும்னா, தயவு செஞ்சு எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க.