சிவப்பு தீனியில், நீலம் பிறப்பில்

மட்டக்களப்புப் பக்கத்து இறால் பதுளைக்கு லொறியில் வருகிறது. செங்கலடியிலிருந்து பிபிலை, லுணுகலை, பசறை என்று வளைந்து வளைந்து மலையேறும் ஏ5 வீதிதான் வழி. எல்ல பக்கத்து ஹோட்டல்காரர்கள் இறாலை உரித்துத் தரச் சொல்வதால் வியாபாரியின் ரெஜிபோம் பெட்டியில் தலையும் ஓடும் மிஞ்சிவிடும். பூனைக்குப் போட வேண்டிய அந்தக் கழிவை ஒருவர் காசு கொடுத்து வாங்குகிறார். ஹாலிஎல பக்கத் தோட்டமொன்றில், கொழுந்து ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது டிஸ்கஸ் மீன் வளர்க்கிறார். அவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

லயத்துக் காம்பராவின் பக்கத்தில் தகரம் போட்டு இறக்கிய சாய்ப்புத்தான் அவருடைய பண்ணை. கண்ணாடித் தொட்டிகளின் மூன்று பக்கமும் ரெஜிபோம் அட்டை ஒட்டியிருந்தது. பதுளை நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரம், தோட்டம் அதற்கும் மேலே. டிஸ்கஸோ அமேசன் ஆற்றுப் படுகையின் மீன், 28 முதல் 30 பாகை வரை சூடான தண்ணீர் கேட்கும். தண்ணீர் குளிர்ந்தால் முதலில் தீனியை வெறுக்கும். "சூடு கொறஞ்சா வாயத் தொறக்காது தம்பி. வாயத் தொறக்காட்டி கலர் எங்க இருந்து வரும்?" என்று ஹீட்டரின் சிவப்பு விளக்கைத் தொட்டுக் காட்டினார்.

தீனி செய்கிற நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார். இறால் தலையின் முள்ளை ஒடித்து எறிந்தார். மீதியை அலசிக் கொதிநீரில் ஒரு தடவை முக்கி எடுத்து, மிக்சியில் அரைத்துச் சல்லடையில் தேய்த்தார். செம்மஞ்சள் கூழ் இறங்கியது. அதோடு முள் நீக்கிய மீன் சதை, வெள்ளைப்பூண்டு, ஸ்பைருலினா பாசித் தூள். வெலிமடைப் பக்கத்துப் பொலித்தீன் கூடாரங்களில் விளைந்த சிவப்புக் குடைமிளகாயையும் வேகவைத்துத் தோலுரித்து அரைத்துச் சேர்த்தார். கடைசியாகக் கொஞ்சம் மீன் எண்ணெய், கட்டிபிடிக்க ஜெலட்டின். கலவையைப் பொலித்தீன் பையில் ஊற்றிக் கையால் தட்டி ரொட்டிபோல் மெலிதாக்கி பிரிட்ஜின் மேல்தட்டில் அடுக்கினார். வேண்டிய அளவு ஒடித்துப் போட்டால் போதும்.

உலகெங்கும் டிஸ்கஸ் வளர்ப்போர் நம்பியிருக்கும் தீனி மாட்டு இருதயம். அதைப் பற்றிக் கேட்டதும் அடுப்படியிலிருந்து அவர் மனைவியான அக்காவின் குரல் வந்தது. "மாட்டிறைச்சி இந்த பிரிஜ்ஜுக்குள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்னு அப்பவே சொல்லிட்டேன் தம்பி." அண்ணன் சிரித்தார். "அந்த நேரம் கோவம் வந்திச்சு. இப்ப பாத்தா அவ சொன்னதுல நட்டமில்ல."

நட்டமில்லைதான். மாட்டு இருதயம் மீனுக்கு வேகமாகச் சதை பிடிக்க வைக்கும், நிறம் கொடுக்காது. இறைச்சியின் சிவப்பு இரும்புச்சத்துள்ள ஒரு புரதத்தினுடையது. மீனின் வயிற்றில் அது செரித்துப் போகும், தோலுக்கு வந்து சேராது. தோலில் தெரியும் சிவப்பும் செம்மஞ்சளும் கரோட்டினொயிட் என்ற வேறு வகைப் பொருட்களால் வருபவை. அவற்றை எந்த மீனாலும் தன் உடலில் உண்டாக்க முடியாது, தின்றுதான் பெற வேண்டும். பாசி உண்டாக்குவதைச் சிற்றுயிர்கள் தின்கின்றன, இறால் அவற்றைத் தின்று ஓட்டில் சேர்த்துக்கொள்கிறது. இறால் ஓட்டில் இருப்பது அஸ்டாசாந்தின், சிவப்புக் குடைமிளகாயில் இருப்பது கெப்சாந்தின். கொழுப்பில் கரைந்தால்தான் குடல் இவற்றை உறிஞ்சும், மீன் எண்ணெய் அதற்காகத்தான். மன்னாருக்கு வந்துபோகும் பூநாரைகளின் செந்நிறமும் இப்படித் தின்று பெற்றதே. பண்ணையில் வளரும் சமன் மீனுக்கு அஸ்டாசாந்தின் கலந்த தீனி கொடுக்காவிட்டால் அதன் சதை வெளிறிப்போகும்.

ஒரே ஈற்றில் பிறந்த 'பிஜன் பிளட்' குஞ்சுகளை அண்ணன் இரண்டு தொட்டிகளில் பிரித்து விட்டிருந்தார். தாய்லாந்துக்காரர்கள் 1990களின் தொடக்கத்தில் உலகுக்குக் காட்டிய செம்மஞ்சள் இனம் அது. ஒரு தொட்டிக்கு இறால் தலைக் கலவை, மற்றதற்கு வெறும் மீன் சதை. முதல் தொட்டி மீன்களின் துடுப்பு ஓரங்கள் பழுத்த பப்பாசிச் சதையின் நிறத்தில் இருந்தன. மற்றத் தொட்டி மீன்களும் அதே பருமன்தான், பசியோடு கண்ணாடிக்கு ஓடி வந்தன. ஆனால் மேனி வெளிறிய மஞ்சள்.

மூன்றாவது தொட்டியில் நீல டர்கொய்ஸ் இனம். அவற்றுக்கும் இறால் தலைக் கலவைதான். நீலம் அதனால் கூடியதா என்று கேட்டேன். "ஒரு பொட்டும் கூடல்ல. கண்ணுக்கு மேல உள்ள செவப்புக் கோடுதான் கொஞ்சம் ஏறிச்சு" என்றார். காரணம் எளிது. டிஸ்கஸின் நீலம் சாயமே அல்ல. தோலின் சில கலங்களுக்குள் குவானின் என்ற பொருள் நுண்ணிய தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. அந்த அடுக்கு தாய் தகப்பனிடமிருந்து வர வேண்டும். நீலம் ஏற்றும் தீனி என்று டப்பாவில் எழுதி விற்பவர் விற்கட்டும், வாங்குபவர் காசைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளை இனத்தின் கதை நேரெதிர். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கூட இறால் தலைக் கலவையைக் கொண்டுபோவதில்லை. போட்டால் பால்வெள்ளை மேனியில் மஞ்சள் படர்ந்துவிடும். எந்த மீனுக்கு எதைக் கொடுக்காமல் இருப்பது என்பதும் இந்தத் தொழிலில் பாதி வேலை.

கறுப்பு இன்னொரு கணக்கு. டர்கொய்ஸ் மீனின் உடலில் குறுக்காக ஒன்பது கறுப்புப் பட்டைகள் உண்டு. நிம்மதியாக இருக்கும்போது மங்கிக் கிடக்கும், பயந்தாலோ குளிர்ந்தாலோ நோய் கண்டாலோ சட்டென்று கறுத்துத் தெரியும். நரம்பும் ஹோர்மோனும் ஆட்டி வைப்பது இது, தீனிக்கு இதில் நேரடிப் பங்கில்லை. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். ஹீட்டர் அணைந்த சாய்ப்பில் மீன்களெல்லாம் பட்டை போட்டு அடியில் ஒதுங்கின. அக்கா தேயிலை மிலாறை அடுப்பில் வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்தார். அதைச் சோடாப் போத்தல்களில் நிரப்பித் தொட்டிகளில் மிதக்கவிட்டு, இரவில் மாறி மாறி விழித்திருந்தார்களாம். "பட்ட மறைஞ்ச பொறகுதான் படுத்தோம்." பிஜன் பிளட் இனத்தில் இந்தப் பட்டைகளே இல்லை. அதன் நோவை மேனியில் பார்க்க முடியாது, நடமாட்டத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரும்பின்னணியில் வளர்த்தால் அந்த இனத்தில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கூடும் என்று தொட்டியின் பின்புறத்துக்கு வெளிர்நீலம் பூசியிருக்கிறார்.

குஞ்சுகளின் முதல் தீனி எந்த மிக்சியிலும் அரைபடாதது. நீந்தத் தொடங்கியதும் அவை தாய் தகப்பனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு தோலில் ஊறும் கோழையைக் கொறிக்கும். பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கோழையில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் இருப்பதையும், குஞ்சு வளர வளரப் பெற்றோர் மெல்ல விலகுவதையும் பதிந்திருக்கிறார்கள். பெற்றோருக்கு நல்ல தீனி கொடுப்பது குஞ்சுக்கும் சேர்த்துத்தான்.

இந்தத் தொழிலுக்குச் சந்தை சிறியது. இலங்கையிலிருந்து போகும் அலங்கார மீன்களில் பெரும்பங்கு கப்பிக்குத்தான், டிஸ்கஸ் ஆசைக்காரர்களின் மீன். வாங்க வருபவர்கள் கைப்பேசியில் படம் காட்டி, இரண்டு அங்குலக் குஞ்சிலேயே முழு நிறம் கேட்கிறார்கள். டர்கொய்ஸ் குஞ்சு அந்த வயதில் பழுப்பாகத்தான் இருக்கும். முழு மேனி வர எட்டு மாதம், ஒரு வருடம் ஆகும். அவசரக்காரர்களுக்காகவே ஆண் ஹோர்மோன் கொடுத்துக் குஞ்சுக்கு நிறமேற்றும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. மருந்து நின்றதும் நிறம் இறங்கும், வளர்ச்சி குன்றும், பலது முட்டைக்கும் உதவாது.

அப்படி ஒரு தூளை இவருக்கும் ஒருவர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். வாங்கவில்லையா என்று கேட்டேன். "நான் முப்பது வருசம் ரோலிங் மெசின்ல நின்னவன். கொழுந்துல இல்லாத சாயத்த மெசின் கொண்டு வருமா? இருக்கிறத கெடுக்காம எடுக்கத்தான் அது" என்றார். அதனால் இரண்டு விதி வைத்திருக்கிறார். நாலு மாதத்துக்குக் குறைந்த குஞ்சை விற்பதில்லை. வாங்குபவருக்குத் தாய் தகப்பனைக் காட்டாமல் காசு வாங்குவதில்லை. இந்த விதிகளால் வியாபாரம் குறைந்திருக்கிறது, அதை அவரே சொன்னார். நிறம் போய்விட்டது என்று மீனைத் திருப்பிக் கொண்டுவந்தவர் மட்டும் இதுவரை இல்லையாம். டிஸ்கஸ் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கலாம்: இதன் பெற்றோர் எங்கே, இதற்கு என்ன தீனி? பதில் வராத தொட்டியில் எவ்வளவு சிவப்பு இருந்தாலும் அடுத்த கடைக்கு நடப்பது நல்லது.