அத்திப்பள்ளி தாண்டி ஒரு வாடகை வீடு

போன வருஷம் மே மாசம் அப்பா ரிட்டையர் ஆனார். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் 29 வருஷ வேலை. தினமும் பழையசீவரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு ரயிலைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு ரயில். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது 22 லட்சம். எங்க வீட்டு பாஸ்புக்கில் அதற்கு முன்னால் அவ்வளவு பெரிய எண் வந்ததே இல்லை. அம்மா அதை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, ரெண்டு நாள் கழித்து எங்கே வைத்தோம் என்று அவளே தேடினாள்.

அக்கா பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். தோழிகளோடு மூணு பேராக ஒரு வீடு. வாடகை 24 ஆயிரம், அட்வான்ஸ் பத்து மாச வாடகை, அதாவது 2,40,000. அவள் பங்கு மட்டும் 80 ஆயிரம். "ஊரே வாடகை கட்டுதுப்பா. அந்த வாடகையை நாம வாங்கினா என்ன?" என்றாள். ஆனேக்கல் தாலுகாவில் ஒரு அபார்ட்மென்டில் டபுள் பெட்ரூம் வீடு, 42 லட்சம். அப்பாவுக்கு 58 வயசு, அவர் சம்பளத்தை நம்பி இனி யாரும் இருபது வருஷக் கடன் தரமாட்டார்கள். லோன் அக்கா பேரில், கைக்காசு அப்பாவுடையது என்று பேச்சு.

வீட்டைப் பார்த்து வர என்னை அனுப்பினார்கள். நான்தான் வீட்டு இன்ஜினியர், மூணாவது வருஷம் சிவில்! காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், அப்புறம் அத்திப்பள்ளியில் மாநில எல்லை. போனேன். சுவரைத் தட்டினேன், பீமில் விரிசல் தேடினேன், பாத்ரூம் மூலையில் ஓதம் இருக்கிறதா என்று தடவினேன். தூணின் அளவைக்கூட டேப் வைத்து எடுத்தேன். லேபில் செய்கிற அத்தனையும் செய்துவிட்டு "சூப்பர் வீடுப்பா" என்று போன் பண்ணினேன். அப்பா டோக்கன் 50 ஆயிரம் அனுப்பினார்.

நான் பார்க்காதது பேப்பரை. அது கன்னடத்தில் இருந்தது. "காத்தா இருக்கு சார்" என்று விற்றவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். இங்கே பட்டா மாதிரி அங்கே அது ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஸ்டலில் என் பக்கத்து ரூம்காரன் தளிக்காரன். கன்னடம் படிக்கத் தெரியும். சும்மா பெருமைக்காக அந்த பி.டி.எஃப்.பைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "மச்சி, இது 11பி-டா" என்றான்.

கர்நாடகாவில் பஞ்சாயத்து எல்லைக்குள் வீடோ மனையோ இருந்தால் இ-ஸ்வத்து என்ற தளத்தில் ஃபார்ம் 9-உம் ஃபார்ம் 11-உம் தருவார்கள். விவசாய நிலத்தை முறைப்படி மாற்றி, லேஅவுட் அனுமதி வாங்கிக் கட்டியதென்றால் 11ஏ. அனுமதி இல்லாததற்கு 11பி. வரி கட்டலாம், குடியிருக்கலாம். ஆனால் பெரும்பாலான பேங்குகள் அதை வைத்து லோன் தராது. அக்காவின் பேங்க் வக்கீலும் அடுத்த வாரம் அதையேதான் சொன்னார். டோக்கன் திரும்பி வரவில்லை. "மனசு மாறினது நீங்கதானே" என்று விற்றவர் போனை வைத்துவிட்டார்.

அப்பா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. அன்று சாயங்காலம் பாலாற்றுத் தடுப்பணை வரைக்கும் நடந்துவிட்டு வந்து, "திருமுக்கூடல்ல அரை ஏக்கர் வாங்கணும்னா நான் பேப்பரே பாக்க மாட்டேன்டா. யார் தாத்தா யாருக்கு வித்தாரு, எந்தக் கிணத்துல யாருக்குப் பங்கு, எல்லாம் தெரியும். பட்டா, வில்லங்கம் எல்லாம் அதுக்கப்புறம்தான். அங்க எனக்கு என்ன தெரியும்?" என்றார். முதல் தடவையாக அப்பா ஒரு விஷயத்தில் தனக்குத் தெரியாது என்று சொல்லிக் கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் கணக்கே போட்டேன். முதலில் போட்டிருக்கணும். 42 லட்சம் வீட்டுக்கு வாடகை 15 ஆயிரம் வரும் என்றார்கள். வருஷத்துக்கு 1,80,000. அதில் மெயின்டனன்ஸ், வீட்டு வரி, பெயின்ட், ஒரு மாசம் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடப்பது எல்லாம் போனால் நிற்பது போட்ட காசுக்கு 3 சதவீதம் சொச்சம். அதே நேரம் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு வட்டி 8.2 சதவீதம். 60 வயசு ஆகணும் என்றாலும், 55-க்கு மேல் ரிட்டையர் ஆனவர்கள் பணம் கைக்கு வந்த மூணு மாசத்துக்குள் போட்டால் சேர்ந்துகொள்ளலாம். 22 லட்சத்தையும் போட்டால் மூணு மாசத்துக்கு ஒரு தடவை 45,100 ரூபாய். கசியாத, பெயின்ட் கேட்காத 45,100.

அக்கா விடவில்லை. "வட்டி ஏறாது தம்பி, இடம் ஏறும்." அவள் சொன்னதும் தப்பில்லை. அந்தப் பக்கம் மெட்ரோவே வந்துவிட்டது. ஆனால் இடம் ஏறுகிற வரைக்கும் மாசா மாசம் அம்மா மளிகைக்கு என்ன பண்ணுவாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இதே சண்டை. கடைசியில் 12 லட்சம் போஸ்ட் ஆபீஸுக்கு (காலாண்டுக்கு 24,600), 10 லட்சம் வீட்டுக்கு. டபுள் பெட்ரூம் கனவு சிங்கிள் பெட்ரூம் ஆனது. அப்பாவுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த முறை பேப்பர் முதலில், சுவர் அப்புறம். காவேரி தளத்தில் வில்லங்கம் எடுத்தோம், தளிக்காரன் வரி வரியாகப் படித்தான். 11ஏ இருந்தது. நிலம் மாற்றிய ஆர்டரையும் கேட்டு வாங்கினோம். உள்ளூர் வக்கீல் ஒருவருக்கு 8 ஆயிரம் கொடுத்து அபிப்பிராயம் எழுதி வாங்கினோம், 50 ஆயிரத்தைத் தொலைத்தவர்களுக்கு அது மலிவாகத்தான் தெரிந்தது. பழைய வீடு, 30 லட்சம். அக்டோபரில் பதிவு. ஆகஸ்ட் கடைசியில்தான் கர்நாடகாவில் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 2 சதவீதம் ஆக்கியிருந்தார்கள். ஸ்டாம்ப் ட்யூட்டி, செஸ் எல்லாம் சேர்த்து ஏழரை சதவீதத்துக்கு மேல். இதற்கு பேங்க் லோன் தராது, கையிலிருந்துதான் போகணும். 10 லட்சத்தில் ஏழரை லட்சம் வீட்டுக்கும், ரெண்டே கால் லட்சத்துக்கு மேல் இதற்கும் போனது. வாடகை 12 ஆயிரம், இ.எம்.ஐ. அதைவிட அதிகம். மீதியை அக்கா கட்டுகிறாள்.

ஒரிசாவிலிருந்து வந்த ஒரு தம்பதி குடிவந்தார்கள். புரோக்கர் பத்து மாச அட்வான்ஸ் கேட்கச் சொன்னார். "பெரியவ 80 ஆயிரம் கடன் வாங்கித்தானே கட்டினா?" என்று அப்பா மூணு மாசத்தோடு நிறுத்திவிட்டார். நம்ம ஊர்ச் சட்டத்தில் 2019-லிருந்து மூணு மாசம்தான் உச்சவரம்பு, அது அங்கே செல்லாது என்று விளக்கினேன். "செல்லாட்டி என்ன, நமக்குச் செல்லும்" என்றார்.

டிசம்பரில் அக்காவுக்குப் புனேவுக்கு டிரான்ஸ்ஃபர். இப்போது அந்த ஊரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு மனுஷர்கூட இல்லை. அப்பாவுக்கு இந்தி வராது. அக்ரிமென்டில் ஓனர் போன் நம்பர் என்ற இடத்தில் இருப்பது என் நம்பர்.

மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதர் எங்க ஊருக்குப் பார்வேட்டைக்கு வருவார். பெருமாள் மலை ஏறுகிற நேரம், நாதஸ்வரம், கூட்டம். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்டர்னலுக்குக்கூட இவ்வளவு கஷ்டப்படாத என் இந்தியில் ஐந்து நிமிஷம் பேசினேன். கீசர் வேலை செய்யவில்லை, அங்கே ஜனவரிக் குளிர், வீட்டில் கைக்குழந்தை. அந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கொடுத்த எலக்ட்ரீஷியன் நம்பரைத் தேடி எடுத்தேன். காயில் மாற்றணும், 1,400 ஆகும் என்றார்.

"என்னடா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து அப்பா சைகையில் கேட்டார்.

"கீசர்ப்பா. 1,400."

அவர் கும்பிட்டிருந்த கையை இறக்காமலே, "குழந்தை இருக்கிற வீடு, உடனே போகச் சொல்லு" என்றார். ஜிபேயில் பார்த்தேன், என் அக்கவுன்டில் 900 ரூபாய்தான் இருந்தது.